எலியைக் காணோம், எலிமருந்து மட்டும் இருக்கிறது

ஒரு பாடத்திட்டத்தை விமர்சிக்க மூன்று வரி போதுமா என்று கேட்பீர்கள். சில சமயம் போதும்.

2019-இல் நம் மருத்துவக் கல்லூரிகளில் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்ய வர வேண்டும் என்று எண் போட்டு அடுக்கிய திட்டம் அது. சமுதாய மருத்துவத்தில் மூன்றாவது தலைப்பு சுற்றுச்சூழல் சுகாதாரம். அதில் 3.6, 3.7, 3.8 என்கிற மூன்று வரிகள்தான் நோய் பரப்பும் உயிர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. என் வார்த்தையில் சுருக்கித் தருகிறேன்:

3.6: நோய் உண்டாவதில் நோய்க்கடத்திகளின் பங்கை விவரிக்க வேண்டும். அவற்றுக்கான தேசியத் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

3.7: பொதுச் சுகாதாரத்துக்கு முக்கியமான நோய்க்கடத்திகளை அடையாளம் காண வேண்டும். அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியையும் கட்டுப்பாட்டு முறைகளையும் சொல்ல வேண்டும்.

3.8: வழக்கமாகப் பயன்படும் பூச்சிக்கொல்லிகளும் எலிக்கொல்லிகளும் எப்படி வேலை செய்கின்றன, எத்தனை நாளுக்கு ஒருமுறை போட வேண்டும் என்பதை விவரிக்க வேண்டும்.

இன்னொரு தடவை படிங்க. இதில் எலி எங்கே வருகிறது? மூன்றாவது வரியில், மருந்தின் பெயருக்குள் மட்டும். எலி எங்கே வளை போடும், எதைத் தின்னும், அதன் ரோமத்துக்குள் என்ன ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மூத்திரம் எந்தத் தண்ணியில் கலக்கும், ஒன்றும் இல்லை. எலியைக் காணோம், எலிமருந்து இருக்கிறது.

சொல்லைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். டாக்டரிலிருந்து தெருவில் டார்ச் அடித்துப் போகிற பணியாளர் வரைக்கும், நம் ஊரில் நோய்க்கடத்திக் கட்டுப்பாடு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதன் சுருக்கம் அந்த மூன்று வரி. மருந்து ஊற்றும் கையைப் பழக்குகிறோம். பார்க்கிற கண்ணைப் பழக்க மறந்துவிடுகிறோம். இந்தப் பதிவில் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

ஒரே தெரு, மூன்று கொசு

நான் இருப்பது மதுரை காளவாசலில். காளவாசல் என்றால் செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளை. இப்போது இங்கே சூளையும் இல்லை, புகையும் இல்லை. மேம்பாலமும் அதற்கடியில் ஆட்டோக்களும்தான். ஆனால் கொசுவைப் படிக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

காளவாசலுக்குத் தெற்கே பொன்மேனிப் பக்கம் போனால் கிருதுமால் நதி. பெயர்தான் நதி, ஓடுவது சாக்கடை. அந்த அழுக்குத் தண்ணியில் வளர்வது கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ். ராத்திரி கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். வீட்டுக்குள் வந்தால், குழாய்த் தண்ணி வராத நாளுக்காகப் பிடித்து வைத்த டிரம், சிமெண்டுத் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கும் தட்டு. இவற்றில் தெளிந்த தண்ணி இருக்கும், அதில் வளர்வது ஏடிஸ் எஜிப்டி. பகலில் கடிக்கும், டெங்குவும் சிக்குன்குன்யாவும் இதன் வேலை. மாடியில் மூடி உடைந்த டேங்க், புழங்காத கிணறு என்றால் அது அனாபிலஸ் ஸ்டீபன்சை தேடும் இடம். நகரத்து மலேரியா அதன் கணக்கில் வரும்.

பத்து நிமிட நடையில் மூன்று இனம், மூன்று வகைத் தண்ணி, மூன்று விதமான நோய். நம் பேச்சில் மூன்றுக்கும் ஒரே பெயர், 'கொசு'. மூன்றுக்கும் ஒரே வைத்தியம், புகை.

சாயந்தரம் தெருவில் புகை அடித்துக்கொண்டு வண்டி போகிறது. அந்தப் புகை கொல்வது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் முதிர்கொசுவை. ஏடிஸ் அப்போது பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கடியிலோ தொங்கும் துணிக்குப் பின்னாலோ உட்கார்ந்திருக்கும். நாம் என்ன செய்கிறோம்? புகை வீட்டுக்குள் வரக் கூடாதென்று ஜன்னலைச் சாத்துகிறோம்! டிரம்முக்குள் நெளியும் கொசுப்புழுவைப் புகை தொடுவதே இல்லை. நாலு நாளில் அதில் பாதி இறக்கை முளைத்து வெளியே வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணியை மொண்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். அனாபிலஸ் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும், அதற்கு மூச்சுக்குழல் கிடையாது. மற்ற இரண்டும் தலைகீழாகத் தொங்கும். அவற்றில் ஏடிஸின் மூச்சுக்குழல் குட்டையாகத் தடித்திருக்கும், கியூலெக்ஸுக்கு நீண்டு மெலிந்திருக்கும். ஒரு மதியப் பொழுதில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். 3.7 இதைத்தான் கேட்கிறது. ஆனால் ஊசி குத்தி வைத்த மாதிரியையும் கண்ணாடித் தகட்டையும் காட்டி 'இது என்ன?' என்று கேட்டாலே அந்த வரி நிறைவேறிவிடும். டிரம் மூடியைத் திறக்க வேண்டிய அவசியம் மாணவருக்கு வருவதில்லை.

கம்பம் போகிற ரோடு

ஆரப்பாளையத்தில் கிளம்பும் கம்பம் பஸ் காளவாசலைத் தாண்டித்தான் போகும். 1996-இல் தேனி தனி மாவட்டமாகப் பிரியும் வரை கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டம்தான். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நோய் எங்கே போய் ஒளிகிறது? இந்தக் கேள்வியோடு ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே விசாரணை நடத்தி, 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் பதிலைத் தேடியது எலிகளிடமும் அவற்றின் மேல் இருந்த தெள்ளுப்பூச்சிகளிடமும்.

தெள்ளை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். இதற்குப் பதில் கடல் தாண்டி, கொழும்பில் இருக்கிறது. அங்கே 1914-இல் பிளேக் வந்தபோது ஃபேபியன் ஹர்ஸ்ட் என்ற நுண்ணுயிரியலாளர் நகரத்து எலிகளின் தெள்ளுகளைச் சேகரித்துப் பார்த்தார். வடக்கே பிளேக்கைப் பரப்பிய செனாப்சில்லா கியோபிஸ் இங்கே அதிகம் இல்லை. இருந்தது பெரும்பாலும் அதன் பங்காளியான செனாப்சில்லா அஸ்டியா. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெண் தெள்ளின் உடம்புக்குள் இருக்கும் விந்துப்பையின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அஸ்டியா பிளேக்கைக் கடத்துவதில் மட்டம் என்று ஹர்ஸ்ட் வாதிட்டார். 1896-இல் பம்பாயில் தொடங்கிய பெரும் பிளேக் வடக்கையும் மேற்கையும் சூறையாடியபோது தெற்கின் பல பகுதிகள் ஓரளவு தப்பித்தது ஏன் என்ற புதிருக்கு அது ஒரு விளக்கமாக அமைந்தது.

இதை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. எந்தத் தெள்ளு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், பிளேக் ஓர் ஊருக்குள் வந்தால் அது பரவுமா, அணைந்துபோகுமா என்று முன்கூட்டியே மதிப்பிடலாம். மருந்தை எங்கே இறக்குவது என்ற முடிவு அதற்கு அப்புறம் வருகிறது. முதலில் கண், பிறகு கை.

இந்த வரிசை மாறினால் ஆபத்தும் உண்டு. பிளேக் இருக்கும் இடத்தில் முதலில் எலியைக் கொல்லக் கூடாது என்பது பழைய பாலபாடம். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும். அந்த உடம்பு நம்முடையதாக இருக்கலாம். அதனால் தெள்ளுக்கு முதலில் மருந்து, எலிக்குப் பிறகு. எலிக்கொல்லியின் வேதியியலை மட்டும் மனப்பாடம் செய்த ஒருவருக்கு இந்த வரிசை எப்படித் தெரியும்?

சொக்கிகுளத்து திறவுகோல்

மதுரைக்கு இந்தக் கண் புதிதில்லை. 1980-களின் நடுவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சின்னச் சொக்கிகுளத்தில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பெரிய கவலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் அந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டதே நம் வேலூரில்தான், 1955-இல். பன்றியிலும் கொக்கு, நாரை போன்ற பறவைகளிலும் வைரஸ் பெருகும். நெல்வயல் தண்ணியில் வளரும் கியூலெக்ஸ் கொசுக்கள் அதை எடுத்துக்கொண்டு வரும், குழந்தைகள் மாட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கொசுக்கள் ஒன்று போலவே இருக்கும். ட்ரைட்டினியோரிங்கஸ், விஷ்ணுயி, சூடோவிஷ்ணுயி என்று அண்ணன் தம்பிகளாகப் பல இனங்கள். 1994-இல் அந்த மையத்தின் ரேச்சல் ரூபன், தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, இந்த நோயோடு தொடர்புடைய தென்கிழக்கு ஆசியக் கியூலெக்ஸ் கொசுக்களைப் பிரித்தறிய படங்களோடு ஒரு திறவுகோல் வெளியிட்டார். 'காலில் பட்டை இருக்கிறதா? இருந்தால் அடுத்த கேள்விக்குப் போ' என்கிற மாதிரி படிப்படியாக அழைத்துப்போகும் கையேடு. காலையும் இறக்கையையும் செதிலையும் கணக்குப் பார்ப்பது வெளியிலிருந்து பார்த்தால் வேலையற்ற வேலை. ஆனால் எந்தக் கொசு எங்கே வளர்கிறது என்ற கேள்விக்குள் நுழைய அதுதான் வாசல்.

அதே மையத்துக்காரர்கள் நெல்வயலில் தண்ணியை விட்டு விட்டுப் பாய்ச்சினால் கொசுப்புழு குறையுமா என்றும் சோதித்தார்கள். 1995-இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே வாய்ப்புகள், சிக்கல்கள் என்று இரண்டு சொல்லையும் போட்டிருந்தார்கள். வயல் காய்ந்தால் புழு சாகும், அது வாய்ப்பு. மடைத் தண்ணி எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது ஒரு விவசாயியின் கையில் மட்டும் இல்லை, அது சிக்கல். சிக்கலையும் தலைப்பில் போடுகிற நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கண் பழகியவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.

இன்று அது தனி மையமாக இல்லை. புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தோடு இணைக்கப்பட்டு அதன் களநிலையமாகிவிட்டது. நிர்வாகக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் பூச்சியியலுக்கு என்று ஒரு தனி வீடு இருந்தது, இப்போது ஓர் அறை இருக்கிறது என்பதையாவது குறித்து வைக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்க இடமே இல்லையா? இருக்கிறது. புதுச்சேரியில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுகலைப் படிப்பே நடக்கிறது. ஓசூரில் தமிழ்நாடு அரசின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு நிறுவனம், விலங்குவழி நோய்களையும் சேர்த்துப் பார்க்கிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. அங்கிருக்கும் அறிவு, வீட்டு வாசலில் நிற்கிற ஆள் வரைக்கும் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

தினக்கூலிக் கண்

அந்த ஆள் யார் என்று பார்ப்போம். டி.பி.சி. பணியாளர், டெங்கு மஸ்தூர் என்று சொல்வார்களே, அவர்கள். காலையில் டார்ச்சும் அபேட் மருந்தும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிற பெண்கள் நிறைய. தினக்கூலி அல்லது ஒப்பந்தம்.

"அக்கா, தொட்டியைப் பாத்துட்டுப் போயிடுறேன்க்கா."

"நேத்துத்தான கழுவுனோம், ஒண்ணும் இருக்காது போம்மா."

இதுதான் தினமும் நடக்கும் உரையாடல். உள்ளே விட்டால் தொட்டியில் மருந்தை ஊற்றுவார், சுவரில் ஒட்டிய தாளில் தேதி போடுவார், போய்விடுவார். அந்த நிமிடத்தில் அவர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு: 'கழுவுனா மட்டும் பத்தாதுக்கா, ஓரத்தைத் தேய்ச்சுக் கழுவணும். முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல ஒட்டியிருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது, தண்ணி பட்டா பொரிஞ்சிரும்.' இந்த ஒரு வாக்கியம் ஒரு லிட்டர் மருந்தைவிடப் பெரிசு. அதை அவருக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்களா? அதைச் சொல்வதற்கான மரியாதையையும் நேரத்தையும் அவருக்குக் கொடுத்திருக்கிறோமா?

கொஞ்சம் சரித்திரம் பார்த்தால் இது வேடிக்கையாகக்கூட இருக்கும். 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபோதும், 1958-இல் அது ஒழிப்புத் திட்டமானபோதும், மலேரியாவுக்கு என்றே தனிப் பணியாளர்கள் இருந்தார்கள். 1973-இல் கர்த்தார் சிங் குழு, தனித்தனித் திட்டப் பணியாளர்களை ஒன்றாக்கிப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. நியாயமான யோசனைதான். ஒரே வீட்டுக்கு ஐந்து பேர் தனித்தனியாகப் போக வேண்டியதில்லை. ஆனால் பல்நோக்குப் பணியாளருக்குத் தடுப்பூசி, குடும்ப நலம், பதிவேடு என்று வேலை கூடக்கூட, பூச்சிக்கான நேரம் சுருங்கியது. அப்புறம் டெங்கு வந்தது. 2012-இல் ஓர் உலுக்கு. 2017-இல் இன்னொன்று, தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் அரசுக் கணக்கில். ஒரே நோக்கத்துக்கான பணியாளர் மறுபடி தேவைப்பட்டார். இந்தத் தடவை தினக்கூலியில். என் பார்வையில், 1970-களில் கலைத்த ஒன்றை, நிரந்தரத்தையும் பயிற்சியையும் கழித்துவிட்டு மறுபடி கட்டியிருக்கிறோம்.

அவர் கொண்டுவரும் கணக்கை மேலே உள்ளவர்கள் படிக்கும் விதத்திலும் இதே கோளாறு. 100 வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்பது பிரட்டோ குறியீடு. இதில் ஐந்து புழு நெளியும் கொட்டாங்குச்சியும் ஒன்று, ஐநூறு நெளியும் சிமெண்டுத் தொட்டியும் ஒன்று. எதிலிருந்து கொசு உண்மையில் வெளியே வருகிறது என்று தெரிய வேண்டுமானால் கூட்டுப்புழுவை எண்ண வேண்டும். இதை 1997-இலேயே டிரினிடாட் தரவுகளை வைத்து ஃபோக்ஸ், சாடி இருவரும் விளக்கிவிட்டார்கள். தெரு முழுக்கக் கொட்டாங்குச்சி பொறுக்குவதா, நாலு பெரிய தொட்டிக்கு மூடி போடுவதா என்ற முடிவு அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. குறியீட்டை நிரப்பத் தெரிவதும் அதைச் சந்தேகிக்கத் தெரிவதும் வேறு வேறு பயிற்சி.

எலிமருந்து போய்ச் சேரும் இடம்

'டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு? அவர் வைத்தியம் பார்த்தால் போதாதா?' நியாயமான கேள்விதான். பாடத்திட்டம் ஏற்கெனவே பிதுங்கி வழிகிறது. அதிகாரிகளுக்கும் ஒரு நெருக்கடி உண்டு. காய்ச்சல் பரவினால் மக்கள் 'புகை அடிச்சாங்களா?' என்றுதான் கேட்பார்கள், 'மூடி போட்டாங்களா?' என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் வட்டார மருத்துவ அலுவலர், நகர்நல அலுவலர் ஆகப்போவது இந்த மாணவர்தான். எந்தத் தெருவுக்கு எந்த ஆளை அனுப்புவது என்று முடிவு செய்வது அவர்.

வைத்தியத்துக்கும் இந்தக் கண் வேண்டும். உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸை எடுத்துக்கொள்வோம். எலி நடமாடும் புதர்க்காட்டில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்புக்கடியிலோ ஒளிந்திருக்கும். தேடினால்தான் தெரியும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை போதும், விட்டால் உயிர் போகலாம். எலிக்காய்ச்சலும் அப்படித்தான். சாக்கடை அள்ளுபவரா, வயலில் இறங்குபவரா, மழைத்தண்ணியில் வெறுங்காலோடு நடந்தாரா என்று கேட்கத் தெரிந்தவருக்கே அந்தச் சந்தேகம் வரும். எலியை அறிந்த டாக்டர் கேட்கிற கேள்விகள் இவை.

எலிக்கொல்லி? அதை நம் டாக்டர்கள் எலி வளையில் சந்திப்பது அபூர்வம். அவசர சிகிச்சைப் பிரிவில்தான் சந்திக்கிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையைத் தின்று ஈரல் செயலிழந்து வந்த இளம் பெண்களும் பையன்களும் எத்தனை பேர்! கடைசியில் தமிழ்நாடு அரசு அந்தப் பசையைத் தடை செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் எலித்தொல்லை, கடையில் பசை, அலமாரியில் மிச்சம், ஒரு கெட்ட ராத்திரி. இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்க முடியும். குப்பையை மூடி வைப்பது, சுவர் ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைப்பது, தானியத்தைத் தகர டின்னில் போடுவது, பொறி வைப்பது. இவை எதுவும் 3.8-இல் இல்லை. நாம் சொல்லிக்கொடுக்கத் தேர்ந்தெடுத்த ஒரே எலிக் கட்டுப்பாடு, மனுஷனையும் சேர்த்துக் கொல்லக்கூடியது.

மூன்று வரியை மாற்றி எழுதினால்

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குப் பிடிக்காது. அதனால் அந்த மூன்று வரியை நான் இப்படி எழுதுவேன்:

ஒன்று: மாணவர் ஒரு தெருவில் இருபது வீட்டுக்குள் போய், தண்ணி நிற்கும் எல்லா இடத்தையும் பட்டியலிட்டு, எதில் எந்தக் கொசு வளர்கிறது, கூட்டுப்புழு அதிகம் எதில் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு: அதே தெருவில் எலி வளை, புழுக்கை, கடித்த தடம், தீனி கிடைக்கும் இடம் ஆகியவற்றை வரைபடமாகப் போட்டு, மருந்தில்லாமல் செய்யக்கூடியதை முதலில் எழுத வேண்டும்.

மூன்று: மருந்து வேண்டும் என்றால் எது, எங்கே, எந்த வரிசையில், யாருக்கு ஆபத்து என்று விளக்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு டார்ச், ஒரு நாள் பொழுது போதும். வழிகாட்டியாக அந்தப் பகுதி டி.பி.சி. அக்காவையே கூப்பிடலாம், அதற்கான சம்பளத்தோடு. எந்த வீட்டு மாடியில் எந்த டேங்க் மூடியில்லாமல் கிடக்கிறது என்பது பேராசிரியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாத மூச்சுக்குழல் வித்தியாசத்தைப் பேராசிரியர் சொல்லலாம். இரண்டு பேருக்குமே அன்றைக்குப் பயிற்சி ஆகிவிடும்.

இதைப் படிக்கிற மருத்துவ மாணவர்கள், சுகாதார ஆய்வாளர்கள் இருந்தால் ஒன்று கேட்கிறேன். உங்கள் படிப்புக் காலத்தில் எத்தனை டிரம் மூடியைத் திறந்து பார்த்தீர்கள்? எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். ஒன்றுமில்லை என்றாலும் எழுதுங்கள். அடுத்த பதிவுக்கு அது உதவும்.